பவள உருண்டை

கத்தி படவில்லை.
வெட்டிய மிலார் தெறித்தது,
சேரம்பாடியில், மூன்றாம் நம்பர் மலைக் கவாத்தில்.

கோயம்புத்தூரில் கண்ணை எடுத்து
குழிக்குள் ஓர் உருண்டை வைத்துத் தைத்தார்கள்.
கடல் பவளத்தில் செய்ததாம்.
உடம்பெல்லாம் பொடி ஓட்டைகள்.
"உங்க ரத்தக்குழாய் இதுக்குள்ள வேர் பிடிக்கும்"
என்றார் டாக்டர்.
நாற்றுப் பை ஞாபகம் வந்தது எனக்கு.

தலைமன்னாரில் அம்மா கப்பலேறியபோது
நான் அவள் வயிற்றில்.
வாந்திக்கு நடுவே பார்த்தது
வெறும் நீலம் என்பாள்.
இந்த மலையில் இறக்கிவிட்ட பிறகு
எங்களில் யாரும் கடற்கரைக்குப் போகவில்லை.

இப்போது கொஞ்சம் கடல்
என் முகத்தில் குடியேறியிருக்கிறது,
மனு இல்லாமல்,
முத்திரை இல்லாமல்.
எதையும் பார்ப்பதில்லை.

மேலே பொருத்தும் ஓட்டுக்கு
என் வலக்கண்ணைப் பார்த்துப் பார்த்து
வர்ணம் தீட்டினாள் ஒரு பெண்.
வெள்ளையில் சிவப்பு இழைகளை ஒட்டும் முன் கேட்டாள்:
"நல்லாத் தூங்கின கண்ணா வேணுமா,
தூக்கம் கெட்டதா?"
பரிபூரணம் முந்திக்கொண்டாள்:
"சம்பள நாள் கண்ணு."

விடியலில் இமைக்கு முன்னால்
அதுதான் ஜில்லிடுகிறது.
டீயை இன்னும்
டம்ளருக்கு ஒரு விரல் தள்ளித்தான் ஊற்றுகிறேன்.
அவள் ஒன்றும் சொல்வதில்லை.
டம்ளரை நகர்த்தி
ஊற்றுகிற இடத்துக்குக் கொண்டுவருகிறாள்.