வினைமுற்று

காலையில் தட்டச்சு நாடா விறைத்திருக்கும்.
தேநீர்க் குவளையின் ஆவியில்
சற்றே காட்டினால்தான் இளகும்.
உலான்பாதரில் திசம்பர்.
நிலக்கரிப் புகை ஜன்னல் உயரத்தில் நிற்கிறது,
உள்ளே வர அனுமதி கேட்பதுபோல.

என் வேலை எளியது.
மாடியில் அவர்கள் அடித்துத் திருத்தியதைக்
கீழே நான் பிழையில்லாமல் அடிக்க வேண்டும்.
இடையிடையே கார்பன் வைத்து நான்கு படி.
நான்காம் படியில் உரிமைகள்
மங்கலாகத்தான் தெரியும்.

சுருக்கெழுத்துக்காரி ஒதோன்சிமெக்குக் காய்ச்சல் வந்த அன்று
என்னை மாடிக்கு அழைத்தார்கள்.
வாதம் ஒரு சொல்லைப் பற்றி.
தவிர.
"சட்டத்தில் கூறியவாறு தவிர
எவரையும் கைது செய்யலாகாது."

"எந்தச் சட்டம்?" என்றார் தெர்பிஷ்,
கோவி-அல்தாயிலிருந்து வந்த ஒட்டக மேய்ப்பர்.
மண்டபத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றாதவர்.
"இருக்கிற சட்டமா?
இல்லை, எங்களைப் பிடித்தபிறகு
நீங்கள் எழுதப்போகும் சட்டமா?"

பேராசிரியர் லுவ்சன்ஷராவ் கண்ணாடியைத் துடைத்தார்.
எல்லா நாட்டிலும் இப்படித்தான்,
அரசுக்கு ஒரு வாசல் வைத்தே ஆகவேண்டும் என்றார்.

"குதிரைக்கு மூன்று காலில் தளை பூட்டுவோம்.
நான்காவதை விட்டுவிடுவோம்.
அது மேயும். கொஞ்சம் நகரவும் செய்யும்.
தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு
அது சுதந்திரமான குதிரை."

யாரோ சிரித்தார்கள். தெர்பிஷ் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு
ஒரே ஒரு சொல் கிடைத்தது:
முன்கூட்டியே.
சட்டத்தில் முன்கூட்டியே வகுத்த காரணம், நடைமுறை தவிர.
தவிர அப்படியே இருந்தது.
இப்போது அதன் கழுத்தில் ஒரு மணி.

எங்கள் மொழியில் வினை கடைசியில்தான் வரும்.
எவரை, எதற்காக, எந்த நடைமுறையில்,
எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிடும்.
உண்டா இல்லையா என்பது மட்டும்
வாக்கியத்தின் வாலில் காத்திருக்கும்.
வாக்கியம் முடியும்வரை
யாருக்கும் விடுதலை இல்லை.

அன்றிரவு அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.
"...தவிர எவரையும் கைது செய்ய"

மின்சாரம் போயிற்று.

இருட்டு. வெப்பக் குழாயில் நீர் முனகும் ஓசை.
இயந்திரத்துக்குள் ஒரு நாடு
பாதி வாயைத் திறந்தபடி.

அப்பாவின் கோப்பை
ஐம்பத்தாறு வயதில், போன வசந்தத்தில்தான் பார்த்தேன்.
ஒரே தாள்.
பெயர். அவர் தந்தையின் பெயர்.
மடத்தில் இருந்த ஆண்டுகள் ஒன்பது.
ஆடு நாற்பது, குதிரை ஆறு.
குழந்தை ஒன்று, பெண், வயது இரண்டு.
அடியில் பென்சிலில் ஒரு வினை,
நிறைவேற்றப்பட்டது.
நிறைவேற்றியவர் பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள்.
ஐம்பத்துநாலு ஆண்டுகளாக
எழுவாய் வரவில்லை.

மெழுகுவர்த்தி மாடியில் இருந்தது.
எழுந்து போகவில்லை.
எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று
விரல்களுக்குத் தெரியும்.
அடித்தேன்.
லாகாது.
ஒவ்வோர் எழுத்தையும்
ஆணி அறைவதுபோல.

விளக்கு வந்தபோது தாளை உருவிப் பார்த்தேன்.
கடைசிச் சொல் வரியை விட்டுச் சற்று மேலே ஏறியிருந்தது.
முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் ஒரு துளை.
நான்காம் படியில் மற்றதெல்லாம் புகை.
அந்த ஒன்று மட்டும் கறுப்பாக,
கண்ணாடியில்லாமலே படிக்கும்படி.

"துளை விழுந்திருக்கிறதே" என்றார் லுவ்சன்ஷராவ் காலையில்.
"இந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி."

மறுபடி அடித்தேன்,
நல்ல வெளிச்சத்தில்,
மற்றச் சொற்களை அடிக்கிற அதே அழுத்தத்தில்.