இடது கையுறை

முதல் நாள் அவர் உள்ளே வந்ததும்
நான் மட்டும் எழுந்து நின்றேன்.
மற்றவர்கள் உட்கார்ந்தபடியே இருந்தார்கள்,
ஒருவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டு.
அவர் காலில் செருப்பில்லை. கம்பளிக் காலுறை,
கட்டைவிரல் பக்கம் நூல் பிரிந்திருந்தது.
எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
அந்த நூலையே பார்த்தேன்.

"நான் பைவி. பைவி என்றே கூப்பிடு."

நாக்கிவாலே முகாமில்
நூற்றுப் பதினான்கு பேர் ஒரு வகுப்பு.
பெஞ்சில் பாதி உடம்பு, மீதி காற்றில்.
ஆசிரியருக்குப் பெயர் இருந்ததா என்ன?
முவாலிமு. அவ்வளவுதான்.
அவர் குடைக்குக்கூட வழிவிடுவோம்.

இங்கே கயானியில்
டிசம்பர் வந்தால் இரண்டரை மணிக்கே இருட்டு.
அவர் பெயருக்குள் இருப்பது
பகல் என்கிற சொல் என்று
பிற்பாடுதான் தெரிந்தது.

நாலு மாதம் அவரை எப்படியும் கூப்பிடவில்லை.
சந்தேகம் வந்தால் மேசையருகே போய் இருமுவேன்.
நெஞ்சுச் சளியென்று நினைத்துத் தாதியிடம் அனுப்பினார்.
குழாய் வைத்துக் கேட்டுவிட்டுத் தாதி
எழுதிக் கொடுத்தாள்:
பியாமுங்கு நலமாக இருக்கிறான்.

டீச்சர் பேரென்னடா, அம்மா கேட்பாள்.
மறந்துவிட்டது என்பேன்.
அவளும் மாலை வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.
அவளும் அங்கே இருமுகிறாள் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரியில் பனிச்சறுக்கு.
எல்லோரும் வழுக்கிக்கொண்டு போய்விட்டார்கள்,
நான் விழுவதும் எழுவதுமாய்.
யாருக்கோ பலகை மாட்டிவிடக் கழற்றிய
அவருடைய இடது கையுறை
பனிமேல் கிடந்தது, சிவப்பாய்.
மைனஸ் பத்தொன்பது.
பைன் மரங்களுக்குள் அவர் சிறுத்துக்கொண்டே போனார்.

இருமினேன். காற்று தின்றுவிட்டது.
முவாலிமு என்றேன்.
அந்தச் சொல்லுக்கு இந்தக் காட்டில்
திரும்பிப் பார்க்க ஆளில்லை.
அப்புறம்

"பைவி!"

கிளையிலிருந்து கொஞ்சம் பனி உதிர்ந்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
அவர் திரும்பி
வெறுங்கையைத் தூக்கிக் காட்டினார்.
நான் விழுந்து விழுந்து கொண்டுபோய்ச் சேரும்வரை
அங்கேயே நின்றார், ஒரு அடிகூட எதிரே வராமல்.

ராத்திரி,
இன்றைக்கு என்ன படித்தாய் என்றாள் அம்மா.
லாபனென் என்றேன். கையுறைக்குச் சொல்.
வேறே?
உகாலியில் ஆவி பறந்தது.
வேறே ஒன்றுமில்லை.