எடை மேடை

அப்பா போன பதினேழாம் நாள்
கூத்தாநல்லூர் ஜெகபர் அலி வந்தார்,
கையில் ஒரு காந்தத்தோடு.

அரைவை மில் கொட்டகையில் ஒன்பது கார்கள்.
ஹெரால்டு, ஹில்மன், மூன்று மோரிஸ்,
மீதிக்குப் பெயரே உதிர்ந்திருந்தது.
ஒரு கார்ப்பரேட்டருக்காகக் கோயம்புத்தூர் போனவர்
என் காலேஜ் ஃபீஸுக்கு
"அறுப்பு வரட்டும்" என்றார்.

காந்தம் ஒட்டாமல் நழுவிய இடமெல்லாம் பட்டி.
"தகரமே இல்லியேம்மா, பெயிண்டுதான் நிக்கிது."

கூரை பறந்த கஜா வருஷத்துச் சேறு
டிக்கிகளில் இறுகிக் கிடந்தது.
மண்ணுக்கென்று வண்டிக்கு நாற்பது கிலோ கழித்தார்,
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் சொல்லிக் கழிப்பது போலவே.
நான் பேசவில்லை.

சம்பா மூட்டை நிறுத்த மேடையில்
கடைசி மோரிஸ் ஏறியது.
பின்சீட்டில்
எலி சேர்த்த நெல் முளைத்து
நாற்று உயரம்.

"பிடுங்கிக்கிறீங்களா?"

சேர்த்தே நிறுங்க என்றேன்.