ஒரு சென்டிமீட்டர்

அல்பா சந்தையில்
என் மூக்கை நம்பி விலை பேசுகிறவர்கள் உண்டு.
வெள்ளைக் காளானைக் கீறிப் பார்க்காமலே சொல்லுவேன்
ஓக் வேரில் விளைந்ததா, பாப்லரா என்று.
பிரிச்சோலாவின் வாய் நாறியதை மட்டும்
மூன்று வாரம்
எங்கேயோ மீன்தலை தின்றிருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

பிறகு தண்ணீர்க் கிண்ணத்தில்
ஒரு இழை சிவப்பு.
உதட்டைத் தூக்கினேன்.
கீழ்த்தாடையில், இடது கோரைப்பல்லுக்குப் பின்னால்,
ஊறிய கொண்டைக்கடலை அளவில்
பல்லை நெட்டித் தள்ளிக்கொண்டு
உட்கார்ந்திருந்தது.

டூரினில் டாக்டர் வால்சேசியா
துணுக்கு எடுத்து அனுப்பினார்.
பதினோரு நாள்.
"வேறெங்கும் பரவாத ஜாதி" என்றார்,
"ஆனால் எலும்பைத் தின்னும்."
ஸ்கேன் படத்தில் தாடை
செல்லரித்த ஜன்னல் சட்டம்.
அதன்மேல் பேனாவால் கோடு போட்டார்.
கோடு கட்டியை விட்டு வெகுதூரம் தள்ளி விழுந்தது.
"அங்கே நல்ல எலும்புதானே, டாக்டர்?"
"நல்லதில் ஒரு சென்டிமீட்டர் சேர்த்து எடுத்தால்தான்
கெட்டது மிச்சமில்லை என்று நம்பலாம்."

என் தம்பி எர்மேஸ் கணக்குப் போட்டான்:
எட்டு வயசு நாய்க்கு இரண்டாயிரத்து எழுநூறு யூரோவா?
குட்டியே வாங்கலாமே, எர்சீலியா.
போன நவம்பரில் ஒரே வாரத்தில்
அவள் அதைச் சம்பாதித்தாள்.
ஒவ்வொன்றையும் பல் படாமல் கவ்வி வந்து
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
கூலியாக
காய்ந்த ரொட்டித் துண்டு வாங்கிக்கொண்டாள்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
பணத்தைக் கட்டினேன்.

பாதி முகம் மழித்து வீட்டுக்கு வந்தாள்.
நாக்குக்கு இடப்பக்கம் சுவர் இல்லை,
வெளியே சரிந்து தொங்கிற்று.
எச்சில் என் செருப்பெல்லாம்.
பக்கத்து வீட்டு நாய் அவளைத் தெரியாதது போல் குரைத்தது.
இறைச்சியைக் கொழகொழவென்று பிசைந்து
நெல்லிக்காய் உருண்டையாய் ஊட்டினேன்.
ஒன்பதாம் நாள்
என் கையை மூக்கால் ஒதுக்கிவிட்டு
கிண்ணத்துக்குப் போனாள்.
பாதி வயிற்றில், பாதி தரையில்;
பிறகு தரையையும் நக்கினாள்.
பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள்.
அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

நவம்பர் இரவு, மூடுபனி, என் டார்ச்.
ஹேசல் மரத்தடியில் நின்றாள். தோண்டினாள்.
வாதுமைக்கொட்டை அளவு ஒன்று.
பழைய பழக்கத்தில் கவ்வினாள்,
இல்லாத பக்கம் வழியே உருண்டு விழுந்தது.
மறுபடி கவ்வினாள். மறுபடி விழுந்தது.
மூன்றாம் தடவை
அதன்மேல் காலை வைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்:
நீ குனி.

குனிந்தேன்.
வேர் காயாமல் குழியை மூடினேன்.
சந்தையில் வியாபாரி புரட்டிப் பார்த்து,
பல் பட்டிருக்கே, என்று இருபது யூரோ குறைத்தான்.
குறைத்துக்கொள் என்றேன்.

இப்போது மாதம் ஒருமுறை
உதட்டைத் தூக்கி, தையல் தழும்பை விரலால் தடவி
மோந்து பார்க்கிறேன்.
ரொட்டி, மண், நாய்.
முடித்ததும் அவள் என் வாயை மோந்து பார்க்கிறாள்.
கிராப்பா வாடைக்கு
ஒரு தும்மல்.