மண்ணை விலைக்கு வாங்கியவள்

தொண்ணூறு ரூபாய்க்கு
சித்தாபுரா நர்சரியில் ஒரு பொட்டலம்.
பிரித்துப் பார்த்த லூர்துராஜ்
"மண்ணையா விலைக்கு வாங்கினாய்?" என்றான்.
மண் இல்லை, வேர்ப்பூசணம்.
கொஞ்சம் அபிரக மினுக்கம்,
கொஞ்சம் பழைய கோணிச் சாக்கின் வாசம்.
உயிரோடு இருப்பதற்கு அடையாளமாகக்
காலாவதித் தேதி மட்டும்.

ஒரு டஜன் முட்டை அட்டை.
குழிகளில் தென்னைநார்த் தூள்,
அதன்மேல் இரு விரல் சிட்டிகை,
அதன்மேல் விதை.
வேர் இறங்கும் வழியிலேயே
அது காத்திருக்க வேண்டுமாம்.
ஆறு தக்காளி, நாலு மிளகாய்,
மிச்சம் இரண்டில் அஞ்சறைப்பெட்டிக் கடுகு.

விவேக் நகர், மூன்றாம் மாடி.
எட்டுக்கு வந்து ஒன்பதுக்குக் கிளம்பிவிடுகிற வெயில்.
எதிர்வீட்டுக்காரி பெயர்
பதினாலு மாதமாகத் தெரியாது.

இருபத்தெட்டாம் நாள்
தொட்டிக்கு மாற்றத் தக்காளியைத் தூக்கினேன்.
தூள் உதிரவில்லை.
கண்ணுக்குப் படாத நூல் ஏதோ பிடித்திருந்தது,
அல்லது வெறும் வேர்தானோ.
என்னிடம் லென்ஸ் இல்லை.
மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டு
குழிக்குள் இறக்கினேன்.

மிளகாய் ஒன்று அதிகப்பட்டது.
எதிர்க்கதவு முன் வைத்துவிட்டு
மணி அடிக்காமல் திரும்பினேன்.
காலையில் தொட்டி இல்லை.
தரையில் ஓர் ஈர வட்டம்.

கடுகுக் குடும்பம்
எந்தப் பூசணத்தோடும் சேராதாம்.
நர்சரிக்காரர் பிறகுதான் சொன்னார்,
சிட்டிகை இரண்டும் வீண் என்று.
வீட்டுக்கு வந்து பார்த்தால்
முட்டைக் குழியிலேயே, ஒரு சாண் உயரத்தில்,
யாரையும் கேட்காமல்
மஞ்சளாகப் பூத்திருந்தது.