கடைசி நிறுத்தம்வரை

முதல் இரண்டு மாதம் எனக்கு
இந்த ஊரில் இறங்கத் தெரியவில்லை.

திபிலீசியின் மஞ்சள் வேனில்
மணி கிடையாது, கயிறு கிடையாது,
விசில் ஊத நடத்துனர் கிடையாது.
இறங்கவேண்டியவர்
ஓட்டுநரின் பிடரியைப் பார்த்து
உரக்கச் சொல்லவேண்டும்:
"காச்செரெத்!"

நிறுத்துங்கள் என்று பொருள்.
எனக்குக் கச்சேரி என்றே காதில் விழும்.
விழுந்ததும் சிரிப்பு வரும்.
சிரிப்பு வந்தால் குரல் வராது.
அதற்குள் என் விடுதி
சன்னலில் பின்னால் போய்க்கொண்டிருக்கும்
நான் காயப்போட்ட நீலத் துண்டோடு.

யாராவது கத்தினால் கூடவே நானும் இறங்குவேன்.
யாரும் கத்தாத நாட்களில்
கடைசி நிறுத்தம்.

அப்படித்தான் பார்த்தேன்,
நுத்சுபிட்சே மேட்டில்
அடுக்குமாடிகளை ஒன்றோடொன்று
அந்தரத்தில் கோத்துவைத்த பாலங்களை.
மேலே போக
மின்தூக்கி காசு கேட்கிறது.
கோயிலில் உண்டியல் பார்த்திருக்கிறேன்,
மின்தூக்கிக்குள் உண்டியல் அன்றுதான்.
என்னிடம் சில்லறை இல்லை.
சைக்கிளோடு உள்ளே நுழைந்த ஒரு பையன்
என் கோட்டை, என் உடற்கூறியல் புத்தகத்தை,
என் முகத்தை
வரிசையாகப் பார்த்துவிட்டுத்
தன் காசைப் போட்டான்.
ஏறும்வரை ஒரு வார்த்தை இல்லை.
மேலே கதவு திறந்ததும்
மொத்த நகரத்தையும்
தானே நேற்று கட்டி முடித்ததுபோலக்
கையை விரித்துக் காட்டினான்.

இன்னொரு மாலை, க்ல்தானி.
நரம்பில்லாத நாக்கு என்பார்களே,
இந்த ஊர்ப் பெயர்களுக்கு
எலும்பும் வேண்டும்.
பாதி தரைக்குள் இறங்கிய அடுப்புக்கடை.
ரொட்டி தோணி மாதிரி,
இரண்டு முனையும் கூர்.
மாவை அடுப்புச் சுவரில் அறைய
இடுப்புவரை தலைகீழாக உள்ளே போன நுக்ஸார்
வெளியே வந்து புருவத்து மாவைத் துடைத்தபடி கேட்டார்:
"உங்கள் ஊரில் ரொட்டி உண்டா?"
கைவசமிருந்த முப்பது சொல்லில்
பரோட்டாவை விளக்கினேன்.
அடிப்பது புரிந்தது. வீசுவது புரிந்தது.
அப்புறம் ஏன் அதைக் கொத்துகிறீர்கள் என்பதுதான்
கடைசிவரை புரியவில்லை.
ஒரு முனையை நடந்துகொண்டே தின்றேன்.
மறுமுனை
வேன் வரும்வரை தாங்கவில்லை.

இந்தக் கதையெல்லாம் கேட்டு
நெஸ்தானுக்கு என்மேல் இரக்கம்.
ஒரு சனிக்கிழமை ஆற்றங்கரையில்
என்னை நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தாள்.
"தொண்டையிலிருந்து இல்லை, வயிற்றிலிருந்து.
உதரவிதானம் என்று ஒன்று இருக்கிறது,
தேர்வுக்கு மட்டுமல்ல."
ஆற்றை நிறுத்தச் சொல்லி நான் கத்தினேன்.
எபுபே கத்தினான், தில்ஃபுசா கத்தினாள்.
ஆறு நிற்கவில்லை.
தூண்டில்காரர் ஒருவர் எழுந்து
சாமான்களோடு தள்ளிப் போய் உட்கார்ந்தார்.
பிறகு நால்வரும் கின்காலி தின்னப் போனோம்.
கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம் அது,
உள்ளே இறைச்சியும் சுடு சாறும்.
உச்சி முடிச்சைப் பிடித்துக் கடிக்கலாம்,
முடிச்சைத் தின்னக் கூடாது.
தட்டில் மிஞ்சிய முடிச்சுகள்தான் கணக்கு.
என் தட்டில் ஒன்பது.
எபுபேயின் கணக்கை
அவன் மானம் கருதி எழுதவில்லை.

நவம்பர் மழையில் ஒரு நாள்
வயிற்றிலிருந்தே வந்துவிட்டது.
"காச்செரெத்!"
ஓட்டுநர் பயந்து மிதித்த மிதியில்
முன்சீட்டு அம்மாளின் பை கவிழ்ந்து
தக்காளி போலிருந்து தக்காளியில்லாத பழங்கள்
வேன் முழுக்க உருண்டன.
எல்லாரும் குனிந்தோம்.
திட்டிக்கொண்டே பொறுக்கிய அம்மாள்
திட்டிக்கொண்டே
ஒன்றை என் கையில் திணித்தார்.
இறங்கிப் பார்த்தால்
ஒரு நிறுத்தம் முன்னால் கத்தியிருக்கிறேன்.
மழையில் தின்றுகொண்டே நடந்தேன்.
துவர்ப்பு. அப்புறம் தேன்.

இன்று மருந்தியல் தேர்வு முடிந்தது.
எப்படி எழுதினேன் என்று கேட்காதீர்கள்.
விடுதி வருகிறது, நீலத் துண்டு வருகிறது.
சொல் வாயில் தயார்.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து
வானொலியைச் சற்றுக் குறைக்கிறார்,
பிரேக்கின்மேல் காலை வைத்திருப்பார்.

குனிந்து
ஷூ லேஸைக் கட்டுகிறேன்.
ஏற்கெனவே கட்டியிருந்ததுதான்.

சட்டைப்பையில் இரண்டு காசு.
மின்தூக்கிக்கு ஒன்று.