ஒற்றைத் தண்டவாளம்

வெந்நீர்க் கலன் கொதிக்க நாற்பது நிமிடம்.
நீராவி எஞ்சினுக்கு நான்கு மணி நேரம்.
உனக்குப் பரவாயில்லை என்பார் கார்டு கிளைவ்,
கரி படிந்த கையால் முதல் கோப்பையை வாங்கிக்கொண்டு.
தன்னார்வலருக்குத் தேநீர் இலவசம்,
பிஸ்கட் ஐம்பது சென்ட்:
பொருளாளர் பிரெட்டா சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.

விக்டோரியாவில் வாட்டில் கிரீக் ஸ்டேஷன்.
முன்பு பார்சல் அடுக்கிய அறை இப்போது என் கடை.
பை வைக்கும் சூட்டுப்பெட்டி
அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.
மணிக்கொரு தரம் பார்த்து எழுத வேண்டும், கையெழுத்தோடு.
வாரநாளில் பெண்டிகோவில் காப்பீட்டு அலுவலகத்தில்கூட
நான் இவ்வளவு கையெழுத்துப் போடுவதில்லை.
பெயர்ப்பட்டையில் யசோ.
மிச்சத்துக்கு இடம் போதவில்லையாம்.

பதினேழு கிலோமீட்டர் தள்ளி, பாதையின் மறுமுனையில்
இன்னொரு கடை. நோரீனுடையது.
இரண்டு சீசன் ஆயிற்று, பார்த்ததில்லை.
ரயில் இங்கே நிற்கும்போது நான் நகர முடியாது,
அங்கே நிற்கும்போது அவர்.
வயது தெரியாததால் மனதுக்குள் 'அவர்'.
எலுமிச்சை வந்த நாட்களில் மட்டும் 'அவள்'.

கிளைவின் பால் கூடையில் ஒரு சீட்டு போகும், ஒரு சீட்டு வரும்.
"ஸ்கோன் பதினொன்று மீதம். ஜாம் தீர்ந்தது."
"எலுமிச்சை என் மரத்தது. பில் போட வேண்டாம்."
"மதியம் நாற்பது முதியோர். சர்க்கரை இல்லாமல் ஏதாவது?"
ஒருமுறை,
"மேக்பை ஒன்று சாஸேஜ் ரோலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
கணக்கில் எப்படி எழுத?"
சேதாரம் என்று எழுதச் சொன்னேன்.
அந்தக் கையெழுத்து இடப்பக்கம் சாயும்.
எனக்குத் தெரிந்த முகம் அவ்வளவுதான்.

ஜனவரி, மூன்றாம் ஞாயிறு. நெருப்புத் தடை நாள்.
நாற்பத்து மூன்று டிகிரி, வடக்குக் காற்று.
நீராவிக்கு அனுமதி இல்லை.
டீசலோ மூன்று வாரமாக ஷெட்டில் படுத்துக் கிடக்கிறது.
தொப்பியும் விசிலுமாக வந்த ஒரு பையன்
'இன்று ரயில் இல்லை' பலகையை எழுத்துக்கூட்டிப் படித்து
விசிலை ஊதாமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.
அவனுக்கு ஒரு குச்சி ஐஸ்.
விற்பனை இல்லை. சேதாரம்.

குளிர்பெட்டியில் பத்து லிட்டர் பால்,
மறுமுனைக்குப் போக வேண்டியது.
ரயிலே இல்லாத நாளில் பால் எதற்கு என்று கேட்காதீர்கள்.
ஷட்டரை இறக்கிவிட்டுக் காரில் ஏற்றினேன்.
போன் செய்திருக்கலாம்தான்;
அந்த மலைச்சரிவுக்குள் சிக்னல் நுழையாது.

வழியில் எதிரே வந்தது ஒரே ஒரு வண்டி,
பச்சைப் பிக்கப்.
ஓட்டியவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.
இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான்.
நானும் தூக்கினேன்.

மறுமுனைக் கடை பூட்டியிருந்தது.
ஷட்டரில் இடப்பக்கம் சாய்ந்த எழுத்து:
"ரயில் இல்லை. வாட்டில் கிரீக் போகிறேன், எலுமிச்சையோடு.
எத்தனை நாள்தான் சீட்டிலேயே பேசுவது."

கண்ணாடி வழியே பார்த்தேன்.
அதே கலன். அதே சுவரில் அதே ஐம்பது சென்ட்.

திரும்பிப் போனால் அவளும் திரும்புவாள்.
மறுபடி ஒரு விரல், மறுபடி ஒரு விரல்.
ஒற்றைத் தண்டவாளத்துக்கு ஒரு விதி உண்டு, கிளைவ் சொன்னது:
பாதைக்கு ஒரே ஒரு கோல்.
அது யார் கையில் இருக்கிறதோ
அந்த வண்டிதான் நகரலாம், மற்றது நிற்க வேண்டும்.
தார்ச்சாலைக்கு யாரும் கோல் தரவில்லை.

நான் நிற்பது என்று முடிவு செய்தேன்.
அவளும் அதையே முடிவு செய்திருந்தால்?

பெஞ்ச் சுட்டது. பால் டப்பாக்களை நிழலுக்கு நகர்த்தினேன்.
வெளியே எடுத்த பால் நான்கு மணி நேரம் தாண்டினால்
கொட்டிவிட வேண்டும்; அதுவும் பிரெட்டாவின் சுவரில் இருக்கிறது.
அவளுடைய சீட்டைத் திருப்பி
எடுத்த நேரம் பத்து ஐம்பது என்று எழுதினேன்,
கையெழுத்தோடு.